டிராயருக்குள் அடிக்கும் போன்

பூமிநாதனின் சட்டைப்பையில் பத்து வருஷம் குடியிருந்த பட்டன் போன் இப்போது மேஜை டிராயருக்குள் கிடந்தது. ஆனாலும் அதற்குப் பெருமை அடங்கவில்லை. வாரம் தவறாமல் அவன் எடுத்துச் சார்ஜ் போடுகிறானே!

மேஜை மேல் மினுக்கிக்கொண்டிருந்த டச் போனிடம் அது சொன்னது: "உன்கிட்ட கேமரா, மேப், சினிமா எல்லாம் இருக்கலாம். அவங்க அம்மா கூப்பிடுறது என்னைத்தான்."

"என் நம்பரை அந்தம்மாவுக்குக் கொடுக்கவே இல்லையே!"

"அப்புறம் எனக்கு எதுக்குச் சார்ஜ் போடுறான்?"

"சுவிட்ச் ஆஃப்னு வந்தா, பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு பதறி பஸ் ஏறி வந்துடுவாங்க. ரிங் போனா, வேலையா இருக்கான்னு நினைச்சு விட்டுடுவாங்க."



அன்னையர் தினத்தன்று காலையிலேயே பட்டன் போனின் குட்டித் திரையில் 'அம்மா' என்று வந்தது. டிராயரே அதிரும்படி, தொண்டை கிழியக் கத்தியது.

"சத்தம் போடாதே," என்றது டச் போன். "அம்மா போட்டோவுக்கு முந்நூறு லைக் வந்திருக்கு. ஒவ்வொருத்தருக்கா நன்றி சொல்லிக்கிட்டு இருக்கார்."