மணிக்கட்டு முடிச்சு

புதுவெள்ளத்தில் ஆறு டீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கலங்கிய தண்ணீரில் பெரிய, பளிச்சென்ற பூச்சிதான் டிரவுட் மீனின் கண்ணில் படும். அதனால் சாலமோன் காலையில் தம்பி யோவேலின் தூண்டிலுக்கு, தம்பி மனைவி எப்சிபாவின் பழைய ஸ்வெட்டரிலிருந்து சிவப்பு நூலை உருவி ஒரு பொய்ப்பூச்சி செய்து கொடுத்தான். வெள்ளம் பறித்துக்கொண்டு போகாமலிருக்கத் தூண்டில் கம்பை மணிக்கட்டோடு கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒற்றைக் கையால் இறுக்கிக் கட்ட வராது என்று அந்த முடிச்சையும் சாலமோனே போட்டுவிட்டான். யோவேல் மேல் வளைவுக்குப் போனான்.

மதியம் கரையில் உட்கார்ந்து சாலமோன் தனக்குக் கிடைத்த முதல் மீனின் வயிற்றைக் கீறினான். மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பூச்சியைக் கட்டுவான். புழுக்களுக்கு நடுவே சிவப்பாக ஒன்று கிடந்தது.

சோறு கொண்டுவந்த எப்சிபா குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"என் ஸ்வெட்டர் நூலுல்ல இது, பெரியத்தான்? கைக்கு வந்த மீனையும் விட்டுட்டாரா அவரு?"

சாலமோன் மீனின் வாயைப் பார்த்தான். சிவப்புப் பூச்சியில் கட்டியிருந்த, அதுவரை அவன் கண்ணில் படாத மெல்லிய தூண்டில் நரம்பு மீனின் வாய்வழியாக வெளியே வந்து, புல்லைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தான். மறுமுனை கனத்தது.

"இருங்க, சாப்பிட வரச் சொல்றேன்" என்று எப்சிபா மேல் வளைவைப் பார்த்துக் கைகுவித்துக் கூப்பிட்டாள்.

சாலமோன் கையில் நரம்பு விறைத்து நின்றது. அது ஆறு போகும் பக்கமாக நீண்டிருந்தது.