நூற்றுப் பத்து வோல்ட் கச்சேரி

செக்ரட்டரி வைத்தீஸ்வரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்ததும், மும்பை மாட்டுங்கா அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆண்டு விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேரும் பூரி வைத்திருந்த மேசையை ஒருமுறை ஏக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

செக்ரட்டரி பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. அதுவும் செக்ரட்டரி எடுத்த முடிவுதான்.

பாடப்போவது சாதாரணப் பெட்டியில் இல்லை. நியூஜெர்சியிலிருந்து மகன் வெங்கடேஷ் அனுப்பிய, பாட்டுக்குப் பின்னணி இசையைத் தானே வாசிக்கும் கரோக்கி. அமெரிக்காவின் நூற்றுப் பத்து வோல்ட்டில் ஓடுவது. நம் ஊர் இருநூற்று முப்பதை அப்படியே கொடுத்தால் தாங்காது என்று லிஃப்டில் மாட்டியவர்களுக்கெல்லாம் விளக்கியிருந்தார். நாலாவது மாடிக்காரர்கள் படியேறிப் பழகி உடம்பு இளைத்திருந்தார்கள்.

வோல்ட்டைக் குறைக்க லேமிங்டன் ரோட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினார். இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதன் தயவில் வீட்டில் தினமும் சாயங்காலம் கச்சேரி. ஒரே ரசிகை பானுமதி. மனைவி என்பதால் எழுந்து போக வழியில்லை.

அவளுக்கும் இந்த வாரம் திடீரென்று விஞ்ஞானத்தில் ஆர்வம் வந்துவிட்டது.

"ஏன்னா, அந்த இரும்புப் பெட்டி இல்லாம நேரா சுவத்துல சொருகினா என்ன ஆகும்?"

"புகை வரும்டி! பிளக் பின்னை மாத்தினா போறும்னு அசடுகள் நெனைக்கறா. பின் மாறினா வோல்ட் மாறுமோ?"

மறுநாளும் கேட்டாள். மனுஷர்களுக்கு ஏதாவது ஆகுமா என்றும் கேட்டாள். ஆகாது, கரோக்கிதான் போகும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்றைக்கு, "நீங்க தொண்டையைப் பாத்துக்கோங்கோ, ஒயரை நான் பாத்துக்கறேன்" என்று அவளே திரைக்குப் பின்னால் போயிருந்தாள்.

வைத்தீஸ்வரன் கண்ணை மூடினார். முதல் பாட்டு. மிச்சம் எத்தனை என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

பின்னால் ஸ்விட்ச் போடும் சத்தம். வாயைத் திறந்தார்.

கரோக்கி முந்திக்கொண்டது. 'டொப்.' அப்புறம் புகை. அப்புறம் ரப்பர் தீய்ந்த நாற்றம்.

"யாரும் பயப்படாதீங்கோ! பில்டிங் சப்ளையில வோல்டேஜ் எகிறியிருக்கு. அதாவது, வோல்ட்னா என்னன்னா..."

அதற்குள் பூரி மேசை முன்னால் வரிசை நின்றுவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தபடி துணிப்பையோடு வந்து உட்கார்ந்த பானுமதிக்குத்தான், யாரும் சொல்லாமலே, முதல் தட்டு போயிற்று. கொண்டுவந்த மூன்றாவது மாடி மகேஸ்வரி, பக்கத்தில் உட்கார இடம் பண்ணப் பையை நகர்த்திப் பார்த்தாள். அசையவில்லை.

"என்ன மாமி, உள்ள கல்லா?"

"மைசூர்பாகு. நான் கிளறினது" என்ற பானுமதி, பைக்கு வெளியே எட்டிப் பார்த்த கறுப்பு ஒயரைக் காலால் உள்ளே தள்ளினாள்.