எந்த பைப் நல்லது?

"செம்பு பைப் போட்டா காலத்துக்கும் நிக்கும் சார்" என்றார் பைப் கடைக்காரம்மா.

"திருடன் தோண்டி எடுத்துட்டுப் போயிடுவானே" என்றார் அப்பா.

"அப்ப இரும்பு?"

"துருப்பிடிக்கும்."

"பிளாஸ்டிக்?"

"எலி கடிச்சுட்டா? நாளைக்கு வேற சாம்பிள் கொண்டு வாங்களேன்."

குளியலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நான், தலை நிறைய ஷாம்பு நுரையோடு வாசலுக்கு ஓடி வந்தேன்.

"அப்பா! தண்ணி நூல் மாதிரி வருது. அம்மா இறந்து போனதிலேர்ந்து உங்களுக்கு எதையும் முடிவு பண்ணத் தெரியல. மண்ணுக்கடியில போற ஒரு லைனை மாத்த எத்தனை நாள்தான் பைப் பார்ப்பீங்க? நான் வேற கடைக்குப் போன் பண்றேன்!"

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, வேற கடை வேண்டாம்மா!" என்று பதறிய கடைக்காரம்மா, வாசலோரத் தண்ணீர் மீட்டர் பக்கம் குனிந்து வால்வைத் திருகினார். குளியலறைக் குழாய் சோவென்று கொட்டியது.

"லைன்ல ஒரு கோளாறும் இல்ல. வால்வை முக்கால்வாசி மூடி வெச்சிருக்காங்க. முதல் நாளே பார்த்துட்டேன்."

"பின்ன எதுக்கு தினமும் சாம்பிளைத் தூக்கிட்டு வந்தீங்க?"

அப்பா கையிலிருந்த பிளாஸ்டிக் பைப்பின் ஓட்டை வழியாக வானத்தை ஆராய ஆரம்பித்தார்.

கடைக்காரம்மாவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"அதை மூடினவர்கிட்டயே கேளும்மா!"