ஓங்கிய கை

“இந்த இனமே கடிக்கிற இனம் டாக்டர். ஊசியைப் போட்டு முடிச்சிடுங்க” என்று நாயை மேசைக்காலில் கட்டிவிட்டு, குவாரி மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

“போடாதீங்க டாக்டர், நான் கூட்டிட்டுப் போறேன்.”

“சோறு போட்டவர் கையையே கிழிச்சிருக்கும்மா. இனம் அப்படி.”

“இனத்து மேல பழி போடாதீங்க. வளர்த்த லட்சணம் அப்படி.”

“நீ பக்கத்துல இருந்து பார்த்தியாக்கும்?”

மருந்தை எடுக்க டாக்டர் மேல்தட்டுக்குக் கையை உயர்த்தினார். நாய் பல்லைக் காட்டியபடி மேசைக்கடியில் ஒடுங்கியது. அந்தப் பெண்ணும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

டாக்டரின் கை பாதியில் நின்றது. “யாரும்மா நீ?”

“மேஸ்திரி பொண்டாட்டி. சம்மட்டிப் பிடியால என்னை அடிச்சப்போதான் இது அவரைக் கடிச்சுது. சங்கிலியைக் கொடுங்க. நாங்க ரெண்டு பேரும் இனிமே அந்த வீட்டுக்குப் போறதா இல்ல.”

டாக்டர் குனிந்து சங்கிலியை அவிழ்த்தார்.