கமலவேணி தோற்ற கதை

கிரிப்டோவில் மூன்று தடவை பணத்தைத் தொலைத்த பெண்ணிடமே போய் யோசனை கேட்க ஹரிதாஸுக்குத்தான் தோன்றும்.

அவனும் மூன்று தடவை தொலைத்தவன். வீடு வாங்கும் டெபாசிட்டுக்குச் சேர்த்ததில் ஒன்பதாயிரம் வெள்ளி போய்விட்டது. மனைவி பவானேஸ்வரிக்குத் தெரியாது. மிச்சமிருக்கும் ஐயாயிரத்தையும் போட்டு, விட்டதைப் பிடித்துவிடலாமா என்று கை பரபரத்தது.

கமலவேணி கிளேபாங் சாலையோரத்தில் கோகனட் ஷேக் கடை போட்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் புவனேஸ்வரன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். கோயில் பொருளாளர், சல்லிக்காசு பிசகாத மனுஷர். 'இவருக்கு வாய்த்தவள் இப்படியா' என்று ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் காசு எப்படிப் போச்சுன்னு கேட்கலாமா?”

“இதுல என்னா தப்பு? உக்காரு தம்பி,” என்றாள் கமலவேணி, பிளெண்டரை நிறுத்திவிட்டு. “மொதல் தடவ, டெலிகிராம்ல ஒருத்தன் சொன்னான்னு போட்டது. ரெண்டாவது, மொதல்ல விட்டதப் பிடிக்க. மூணாவது, ரெண்டாவதுல விட்டதப் பிடிக்க.”

“எனக்கும் அதே கதைதான்க்கா. நாலாவது?”

“நாலாவதா? அதுக்கு எடுத்து வெச்ச காசுலதான் இந்தக் கடை. தினம் கையில நாலு காசு நிக்குது லா.”

“எப்படிக்கா நிறுத்துறது?”

“எவ்வளவு போச்சுன்னு வீட்டுல வாய்விட்டுச் சொல்லணும். மறைக்கிற வரைக்கும், தெரியறதுக்குள்ள எடுத்துடணும்னு மனசு அடிச்சுக்கும். சொல்லிட்டா அந்த அவசரம் போயிரும். உன் வீட்டுல தெரியுமா?”

ஹரிதாஸ் இல்லையென்று தலையாட்டினான்.

“போன் கையிலதானே இருக்கு?”

அவன் எழுந்து நாலடி தள்ளிப் போனான்.

“பவா, ஒன்பதாயிரம் வெள்ளி போயிருச்சு. நான்தான் விட்டேன்.”

மறுமுனையில் கத்தல், அப்புறம் அழுகை. கடைசியில் அவள், “மிச்சம் இருக்குல்ல? மொதல்ல அத என் கணக்குக்கு அனுப்பிட்டு வீட்டுக்கு வாங்க,” என்றாள்.

அங்கேயே நின்று அனுப்பினான். பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவனுக்குப் பசித்தது.

மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனபோது புவனேஸ்வரன் பின்னாலேயே வந்தார்.

“தைரியமா சொல்லிட்டியே தம்பி.”

“அக்காவோட தைரியம் மாதிரி வருமாண்ணே? மூணு தடவ தோத்துட்டு, ஊர் சிரிக்கிறதையும் கேட்டுட்டு, நிமிந்து நிக்கிறாங்க.”

“அவளுக்கு அந்த கிரிப்டோ ஆப்பைத் திறக்கவே தெரியாது.”

ஹரிதாஸ் முழித்தான்.

புவனேஸ்வரன் திரும்பிக் கடையைப் பார்த்தார். அவள் யாரிடமோ சிரித்துப் பேசியபடி ஷேக் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“விட்டதெல்லாம் வீட்டுக் காசுதான். ஆனா பொருளாளரே இப்படின்னு தெரிஞ்சா, கோயில் கணக்கையும் சேத்துச் சந்தேகப்படுவாங்கன்னு எனக்குப் பயம். விஷயம் வெளிய கசிஞ்சு ஊரு கேட்டப்ப, ‘நான்தான் விட்டேன்’னு இவ முந்திக்கிட்டா. நானும் நாலு வருஷமா வாயத் தொறக்கல.”

கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம் இருக்கு தம்பி. தோத்தது நான்தான்னு சொல்லப்போறேன்.”