நான்காவது பூச்சு

மொட்டை மாடிக் கொடியில் கிட்டார் பலகை ஒன்று தொங்கியது. எழிலன் அதற்கு நீலச் சாயம் ஏற்றி, மேலே வார்னிஷ் பூசியிருந்தான். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தான். விரல் ரேகை பதிந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசினான். மூன்று முறையும் இதே கதைதான்.

"இவன் கை சும்மாவே இருக்காதா?" என்றது பலகை.

"என் சொரசொரப்பெல்லாம் போச்சு. இன்னொரு தடவை தொட்டான்னா, அந்தத் தழும்போடதான் நீ பாடணும்" என்றது உப்புத்தாள்.

நான்காவது பூச்சு முடிந்தது. எழிலனின் விரல் மெல்லக் கிட்டே வந்தது. பலகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. விரல் அப்படியே நின்றது. பிறகு இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

உப்புத்தாள் சொன்னது: "தேய்க்கிற கை எத்தனையோ பார்த்துட்டேன். தொடாமலே வேலை செய்யிற கையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."