மல்லாந்த புலி

பழங்காசு வாங்கும் ஹென்றி துரை, ரூபாய்க் காசிலிருந்த ராஜா தலையை நேராகப் பிடித்து, காசைப் பக்கவாட்டில் திருப்பினார். பின்பக்கத்துப் புலி நான்கு கால்களையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

நீலா எட்டிப் பார்த்தாள். புருஷனுக்குத் தெரியாமல் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை நடந்தே வந்திருந்தாள்.

“இந்தப் புலி நேரா நிக்கணும்மா. அடிக்கிறப்போ அச்சு சுத்திக்கிச்சு. இப்டி முழுசா கவுந்தாதான் வெல ஜாஸ்தி. நாப்பது ரூபா தரேன்.”

சுதந்திர வருஷத்து ஒற்றை ரூபாய்க்கு நாற்பதா!

வீட்டில் ஒரு டப்பாவில் இப்படிக் கோணலானவற்றை மட்டும் புருஷன் ஒதுக்கி வைத்திருந்தான். செல்லாது, தொடாதே என்றும் சொல்லியிருந்தான். பாவம், வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதன் அருமை எப்படித் தெரியும்?

“வூட்டுக்காரர் பேரு இன்னா? சீட்டுல எழுதணும்.”

“அய்யே, பேரச் சொல்லுவாங்களா தொரை!” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரையும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் முடிச்சை அவிழ்த்து இரண்டாவது காசையும் வைத்தாள்.

இதில் புலி செங்குத்தாகச் சுவரேறியது.

“கால் சுத்துதான். இதுக்குப் பாதி வெல” என்றபடி இரண்டையும் அருகருகே நகர்த்தியவர், சட்டென்று பூதக்கண்ணாடியை எடுத்தார்.

ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல். மற்றக் காசிலும் அதே கன்னம், அதே கீறல். நுனியில் அதே கொக்கி.

“அச்சு எத்தினி வாட்டி வேணா சுத்தும். கீறல் பாக்கெட்டுல வுழறது. ரெண்டு காசுல ஒரே கீறல் எப்டிம்மா வுழும்?”

ஒன்றை மேஜைமேல் சுண்டினார். கணீர் என்று ஒலிக்க வேண்டிய ரூபாய், டொக்கென்று விழுந்தது.

நீலாவுக்குப் புருஷன் விரல்களின் கொப்புளங்கள் நினைவுக்கு வந்தன. வீட்டுக்குப் பின்னால், ஈர மணலில் வட்டவட்டமாய்ப் பள்ளங்கள். நண்டு வளை என்று நினைத்து, காலால் தள்ளி மூடியிருந்தாள்.

போன ஆடியில்தான், கள்ள ரூபாய் வார்த்த ஒருவனை விலங்கு பூட்டிக் கல்மண்டபம் வழியாக நடத்திப் போனார்கள். அவன் பெண்டாட்டி பின்னாலேயே ஓடினாள்.

துரை எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். சீட்டும் பேனாவும் கையிலேயே இருந்தன.

“இப்ப சொல்லு. வூட்டுக்காரர் பேரு இன்னா?”

“குமாரவேலு.”

நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. லோகநாதன் என்றால்தான் அந்த நாக்கு கூசும்.

துரையின் பேனா காகிதத்தைத் தொடவில்லை.

அவர் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டியவன் பெயரை இவ்வளவு சுலபமாகச் சொல்லும் பெண்ணை இதுவரை பார்த்ததில்லை.